இரவல் இடமும் எழுதி வைத்த குறிப்பும்



அயல்வீட்டில் ஏணி ஒன்றை இரவல் வாங்குபவர் வேலை முடிந்ததும் அதனைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இதனை எவரும் எழுதி வைப்பதில்லை. ஆனால், வாங்கியவர் அதனை மூன்றாமவர் ஒருவரின் கையிற் கொடுத்துவிட்டால், திருப்பிக் கொடுக்கும் கடமை யாருடையது? சீ எனப்படும் கணினி மொழியைப் பயிலும் மாணவன் திகைத்து நிற்கும் இடம் இதுவே.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி என்பவர் 1972ஆம் ஆண்டளவில் இம்மொழியை உருவாக்கினார். 1978இல் அவரும் பிறையன் கேர்ணிகனும் எழுதிய நூல் நெடுங்காலம் இதன் இலக்கணமாக விளங்கிற்று. நினைவகத்தைத் தன் கையாலேயே ஆளும் உரிமையை இம்மொழி எழுதுபவனுக்கு வழங்குகின்றது. அந்த உரிமையோடு வரும் பொறுப்போ சிறிதன்று.

வகுப்பொன்றின் புள்ளிகளைச் சேர்த்துவைக்கும் நிரலை எண்ணிப் பாருங்கள். மாணவர் எத்தனை பேர் என்பது நிரல் இயங்கும்போதே தெரியவரும். நாற்பது பேர் எனில், ஓர் எண்ணுக்கு 4 பைற்றுக்களாக 160 பைற்று இடத்தை ‘மலொக்’ என்னும் செயற்கூற்றிடம் கேட்கவேண்டும். அஃது இடத்தின் முகவரியைக் கொடுக்கும். அம்முகவரியை வைத்திருப்பது சுட்டி. இடமில்லையெனில் வெற்று முகவரியே வரும். அதனைச் சோதியாது எழுதத் தொடங்கும் மாணவர் பலர். கிடைத்த இடத்தில் முன்னிருந்தவரின் எச்சங்களும் கிடக்கலாம். பூச்சியமாக்கித் தருவது ‘கலொக்’. வேலை முடிந்ததும் ‘பிறீ’ என்பதன் மூலம் இடத்தை விடுவிக்கவேண்டும்.

விடுவிக்க மறந்தால் என்ன? சிறிய நிரலில் ஒன்றும் நேராது. நிரல் முடிந்ததும் பணிசெயல் முறைமை யாவற்றையும் மீட்டுக்கொள்ளும். அதனாலேயே வகுப்பறையில் இத்தவறு வெளிப்படுவதில்லை. மாதக்கணக்காக ஓயாது இயங்கும் நிரலிலோ நினைவகம் சிறிது சிறிதாகக் கசிந்து தீர்ந்துபோகும். இதனினும் கொடியது, விடுவித்த இடத்தை மீண்டும் பயன்படுத்துவது. அல்லது ஒரே இடத்தை இருமுறை விடுவிப்பது. விடுவித்த பின்னரும் சுட்டியிற் பழைய முகவரி அப்படியே இருக்கும். வாடகை வீட்டை விட்டுச் சென்றவர் திறப்பைத் தம் சட்டைப்பையில் வைத்திருப்பது போன்றது இது. உள்ளே இப்போது வேறொருவர் குடியிருக்கக்கூடும்.

இனி, குறிப்புரைக்கு வருவோம். சாய்கோட்டுக்கும் உடுக்குறிக்கும் இடையே எழுதப்படுவது குறிப்புரை. தொகுப்பி அதனைப் படிப்பதில்லை. ஒரு வெற்றிடமாகவே கொள்ளும். இரட்டைச் சாய்கோட்டுக் குறிப்பு முன்னோடி மொழியான பீ.சி.பி.எல். இல் இருந்தது, சீயிற் கைவிடப்பட்டு, 1999ஆம் ஆண்டுத் தரத்தில் மீண்டும் இடம்பெற்றது.

குறிப்பு எழுதுக என்று சொன்னால், மாணவன் வரிக்கு வரி “இங்கே ஒன்றைக் கூட்டுகிறேன்” என்று எழுதிவைப்பான். கூட்டுவது நிரலிலேயே தெரிகின்றது. குறிப்புகளை எண்ணிப் புள்ளியிடும் ஆசிரியருக்கும் இக்குற்றத்திற் பங்குண்டு. நிரலிலே தெரியாதது எதுவோ அதுவே குறிப்புக்கு உரியது.

அவ்வாறு தெரியாத ஒன்று, விடுவிக்கும் கடமை. சொற்றொடரைப் பிரதிசெய்து தரும் செயற்கூறு ஒன்றுண்டு. சூழலிலுள்ள மாறியின் மதிப்பைத் தரும் செயற்கூறு வேறொன்றுண்டு. இரண்டும் தருவது எழுத்துச் சுட்டியே. முன்னதைப் பெற்றவன் விடுவித்தே ஆகவேண்டும். பின்னதை விடுவிக்கவே கூடாது. அறிவிப்பு வரிகளை எவ்வளவு உற்றுநோக்கினாலும் இவ்வேற்றுமை புலப்படாது. புள்ளிகளைக் கோப்பிலிருந்து வாசித்து முகவரியைத் தரும் செயற்கூற்றை எழுதும் மாணவன், “பெறுபவரே விடுவிக்க வேண்டும்” என அதன் தலையில் ஒரு வரி எழுதினாற் போதும். அந்த வரி இல்லாதவிடத்து, அடுத்தவன் விடுவிப்பான் என்று இருவருமே வாளாவிருப்பர். அன்றேல் இருவருமே விடுவித்துவிடுவர்.

ஓர் இடர் இன்னும் உண்டு. பின்னொருநாள் எவனோ ஒருவன், செயற்கூறு அந்த இடத்தைத் தானே வைத்திருந்து தானே விடுவிக்குமாறு திருத்துகிறான். தலைக்குறிப்பைத் தொடாமல் விட்டுவிடுகிறான். தொகுப்பி முணுமுணுக்காது. பழைய வரியை நம்பி மூன்றாமவன் இடத்தை விடுவிக்கிறான், நிரல் நிலைகுலைகின்றது. பழி முதலில் அவன் தலையிலேயே விழும். ஆயினும், அவன் எழுதியிருந்தபடியே செய்தவன்.