நேர்த்திக்கடன்: கோவளக் கரையில் ஒரு சிந்தனை



இக்கல்லூரியில் தம் மக்கள் நிறுவிய அறக்கட்டளைக்குப் பெயராய் விளங்கும் பெரியவரின் நினைவாகப் பேசுமாறு என்னைப் பணித்தபோது, ஏடுகளைப் புரட்டுவதற்கு முன்பாகவே, செங்கற்பட்டுச் சீமையின் கடலோரத்தில் நான் பலமுறை சென்று நின்ற ஓரிடம் நெஞ்சில் எழுந்தது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவளத்தில், கயிலாசநாதர் கோயிலும், 1821-இல் மறைந்த ஜான் டி மான்ட்டி என்னும் சென்னைப் பெருவணிகர் அடக்கமாகியிருக்கும் கார்மேல் அன்னை ஆலயமும், தமீமுல் அன்சாரி தர்காவும் ஒரே ஊர்க்காற்றை உண்டு நிற்கின்றன. நபிகள் நாயகத்தின் தோழரான அன்சாரி அவர்களின் திருமேனி பேழையொன்றில் மிதந்து வந்து இக்கரை சேர்ந்தது என்பது வழிவழியாக வரும் ஐதிகம்.

பல சமயத்தார் கூடும் தலம் என்றவுடன், இலங்கையில் 2,243 மீட்டர் உயர்ந்து நிற்கும் சிவனொளிபாத மலையே பலர்க்கும் நினைவில் வரும். அங்கே பாறைமீதுள்ள அடிச்சுவடு ஒன்றே. அதைப் புத்தர் பாதம் என்பர் பௌத்தர், சிவபாதம் என்பர் சைவர், ஆதம் நபியின் பாதம் என்பர் இஸ்லாமியர், புனித தோமையார் பாதம் என்பாரும் கிறிஸ்தவருள் உண்டு. ஒரு சுவட்டுக்குப் பல பெயர்கள் வழங்குவதால் அமைந்த ஒற்றுமை அது. கோவளத்துத் தர்காவிலோ அடக்கம் யாருடையது என்பதில் ஐயமுமில்லை, வழக்குமில்லை. அப்படியிருந்தும் பிற சமயத்தார் வந்தவண்ணம் இருக்கின்றனர். ஏன்?

ஒரு வியாழக்கிழமை மாலை, மஞ்சள் கயிறும் குங்குமமும் துலங்கிய பெண்ணொருத்தி, இடுப்பிலே காய்ச்சலில் வாடிய குழந்தையுடன் தர்கா வாசலில் செருப்பைக் கழற்றி, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, பூவும் சர்க்கரையும் ஏந்தி நின்றாள். பணியாளர் பாத்திஹா ஓதி, மயிற்பீலியால் குழந்தையின் தலையை வருடினார். நல்லபடி ஆனதும் மறுபடி வருவதாக அவள் முணுமுணுத்தாள். சமரசம் என்ற சொல்லை அவள் கேட்டிருக்கவும் மாட்டாள். அவள் அறிந்த சொல் ‘நேர்ந்துகொண்டேன்’ என்பதே. வீடு திரும்பியதும் தன் குலதெய்வத்துக்கு வழக்கம்போல் விளக்கேற்றியிருப்பாள். அதனால் அன்சாரிக்கும் குறையில்லை, குலதெய்வத்துக்கும் கோபமில்லை.

சமயங்கள் எல்லாம் ஒன்றே என்று நிலைநாட்டிய பின்னரே மக்கள் ஒரு வாசலில் கூடுவர் என்று நாம் மேடைகளில் பேசுகிறோம். கோவளத்துக்கு வருவோர் அவ்வாறு எதையும் நிலைநாட்டவில்லை. வேற்றுமைகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவ்விடத்து மரியாதைக்கு மட்டும் தலையை மூடிப் பணிகின்றனர். நம் மொழி இதற்கு நேர்த்திக்கடன் என்று பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்! கடன்பட்டவனுக்குக் கொடுத்தவரின் குலமும் கோத்திரமும் பொருட்டல்ல. பட்ட இடத்திலே தீர்ப்பதுதான் முறை.

இப்பெரியவர் கல்வி பெற்ற இதே கல்லூரியைத் தேடி வந்து, அவர் பெயரால் அவர்தம் மக்கள் இவ்வறக்கட்டளையை வைத்ததும் அம்முறை பற்றியே என்று கருதுகிறேன்.