வாங்க மறுத்த கருப்பட்டி

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் போதகர் ஐயா அளித்த செய்தி)



பணத்தைப் பற்றிப் பேசும்படி செயலாளர் ஐயா எங்களைக் கேட்டுக்கொண்டார். போதகர் பணத்தைப் பற்றிப் பேச எழுந்தாலே ஜனங்கள் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். பயப்படாதேயுங்கள், இன்று காணிக்கைப் பை வராது. நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

சில வருஷங்களுக்கு முன், பதனீர்க் காலத்தில், ஒரு பனையேறி சகோதரர் மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த நிலையில் நம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டார். கால்களில் உணர்ச்சி இல்லை. மூன்று மாதம் படுக்கை. புண் வராதபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இரவெல்லாம் அவருடைய மனைவி நர்சம்மாமாரோடு சேர்ந்து அதைச் செய்தார். நாங்கள் சாயங்காலந்தோறும் போய் ஜெபித்தோம். பூச்சி அரிக்காத பரலோகப் பொக்கிஷத்தைப் பற்றி ஆறுதல் சொன்னோம். அந்தத் தாயின் காதில் கம்மல் போய் ஈர்க்குச்சி வந்திருந்ததை மட்டும் நாங்கள் கவனிக்கவில்லை. ஒரு நர்சம்மா சொன்ன பிறகுதான் அடகுக்கடைச் சங்கதி தெரியவந்தது. மீதிக் கட்டணத்தை ஏழைகள் நிதி ஏற்றுக்கொண்டது. அது நீங்கள் கொடுத்த பணம்.

மறு வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு அந்தத் தாய் ஓர் ஓலைப்பெட்டியோடு வந்தார். அண்ணன் இறக்கிக் கொடுத்த பதனீரைத் தானே காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டி. நாங்கள் பெரிய மனது பண்ணுகிறதாக எண்ணிக்கொண்டு, "வேண்டாம் அம்மா, விற்றுப் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்குங்கள்" என்றோம்.

அவர் முகம் வாடிப்போயிற்று. "பணக்காரங்க குடுத்தா வாங்குதீய. நாங்க குடுத்தா வேண்டாங்கீயளே ஐயா. எங்ககிட்ட குடுக்கதுக்கு ஒண்ணுமே இல்லன்னு நெனச்சிட்டீயளா?"

பதில் சொல்ல எங்களுக்கு வாய் எழும்பவில்லை. ஆவிக்குரிய ஐசுவரியத்தைப் பற்றி அவருக்கு மூன்று மாதம் பிரசங்கித்தவர்கள் நாங்கள்தான். அது அவரிடத்தில் இருக்கும் என்று நம்பாமற்போனவர்களும் நாங்களே.

அன்றிரவு மாற்கு 12-ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தோம். எத்தனை முறை அதன்மேல் பிரசங்கித்திருப்போம்! ஆண்டவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஏழை விதவை இரண்டு காசு போடுகிறாள். அவர் அவளுடைய கையைத் தடுக்கவில்லை. ஆனால் அதற்கு நேர் முந்தின வசனத்தையும் பாருங்கள். விதவைகளின் வீடுவாசலை விழுங்கிவிட்டு நீண்ட ஜெபம் பண்ணுகிற வேதபாரகரை அங்கே கடிந்துகொள்ளுகிறார். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். கம்மலை அடகு வைக்கவிட்டு ஜெபித்ததும் தவறு, கருப்பட்டியைத் தள்ளினதும் தவறு.

மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்திலிருந்தும், எருசலேமின் ஏழைகளுக்குக் கொடுக்கத் தங்களுக்கும் இடம் வேண்டுமென்று பவுலிடம் மன்றாடினார்கள் (2 கொரி. 8). கிருபை என்று நாம் சொல்லும் 'காரிஸ்' என்ற கிரேக்கச் சொல்லையே பவுல் அந்த அதிகாரத்தில் காணிக்கைக்கும் வழங்குகிறார். செமினரியில் இதைப் பரீட்சைக்காகப் படித்தோம். விளங்கினது அந்த ஓலைப்பெட்டி வந்தபோதுதான்.

பெரிய காணிக்கைகளை நாங்கள் அற்பமாக எண்ணவில்லை. நியூயார்க் வங்கியாளர் ஒருவர் மரித்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் அதைக்கொண்டு கட்டின மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902-இல் வேலூரில் திறக்கப்பட்டது. எத்தனையோ தாய்மார் அங்கே உயிர் பிழைத்தார்கள். இருப்பவர்களுக்கு ஜான் வெஸ்லி ஐயர் ஒரு பிரசங்கத்தில் சொன்ன கணக்கு நல்ல மாதிரி. ஆக்ஸ்போர்டில் ஒருவருக்கு ஆண்டு வருமானம் 30 பவுன். 28-இல் ஜீவித்து 2 பவுனைக் கொடுத்தார். வருமானம் 60 ஆனபோதும் 28-இல் ஜீவித்து 32 கொடுத்தார். 120 ஆனபோது 92. அந்த ஒருவர் வெஸ்லியே என்று சொல்லப்படுகிறது. நம்மில் பலருக்குச் சம்பளம் கூடினவுடனே அந்த 28-ம் கூடவே வளர்ந்துவிடுகிறது. எங்களையும் சேர்த்தே சொல்லுகிறோம்.

கருப்பட்டி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மன்னிப்புக் கேட்டு வாங்கிக்கொண்டோம். சமையற்கட்டில் சுக்குக் காப்பி போட்டு வார்டு வார்டாகக் கொடுத்தார்கள். கணக்காளர் தம்பியிடம் சொல்லி, பணம் கொடுத்தவர்களுக்குக் கொடுக்கும் அதே புத்தகத்திலிருந்து ரசீது எழுதச் சொன்னோம். "கருப்பட்டி, ஒரு பெட்டி" என்று எழுதினார். அந்தத் தாய் அதை இரண்டுமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு நான்காய் மடித்து வேதப்புத்தகத்தில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார்.