இருமுறை பதிந்த படம்



ஒரே பிலிமின் மேல் இரண்டு காட்சிகளைப் பதிப்பது பற்றி இன்று உங்களோடு சில நிமிடங்கள் பேச விரும்புகிறேன். இதனை டபுள் எக்ஸ்போஷர் என்பார்கள். நாம் இரட்டைப் பதிவு என்று சொல்லிக்கொள்வோம். கைபேசியை விரலால் தொட்டாலே முடிந்துவிடும் காரியத்துக்கு ஒரு பேச்சு வேண்டுமா என்று உங்களுள் சிலர் எண்ணலாம். இதன் பொருட்டு நான் ஒரு மாணவனுக்கு அநீதி இழைத்தேன். பின்னர் என் பிழையை எனக்குக் காட்டியதும் அந்த இரட்டைப் பதிவேதான். ஆதலால் நிகழ்ந்ததை முதலிலும், செய்முறையை அடுத்தும் சொல்கிறேன்.

1994-ஆம் ஆண்டு, ஓசூருக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். வீட்டில் தெலுங்கும், சந்தையில் கன்னடமும், வகுப்பில் தமிழும் பேசும் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். பத்தாம் வகுப்பினர் நாற்பது பேர் பள்ளியை விட்டுப் பிரியும் நாளில் ஒரு குழுப்படம் எடுக்க விரும்பி, ஆளுக்குப் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்தார்கள். என் தம்பியின் தானியங்கிக் காமிராவை இரவல் வாங்கி வந்தேன். மேசை அறையில் இருந்த ஒரு பிலிம் சுருளை எடுத்து, ஒன்பதாம் வகுப்பில் கைத்திறன் மிக்க ஒரு மாணவனிடம் தந்தேன். அவனே சுருளைப் பொருத்தினான். நான்கு படங்கள் எடுத்தான்.

சில நாட்களில் ஓசூரிலிருந்த ஸ்டூடியோக்காரர், "படத்தின் மேல் படம் விழுந்திருக்கிறது, ஒன்றும் தேறாது" என்று சொல்லி நெகடிவை உறையிலிட்டுத் தந்துவிட்டார். நான் உறையைப் பிரித்தும் பார்க்கவில்லை. காமிராவை நோண்டி, ஒரே இடத்தில் இரண்டு முறை பொத்தானை அழுத்தியிருக்கிறான் என்று முடிவு கட்டி, வகுப்பறையில் எல்லார் முன்னிலையிலும் அந்தப் பையனைக் கடிந்துகொண்டேன். "நான் ஒன்றும் செய்யவில்லை, சார்" என்று ஒரு முறை சொன்னான். அதற்கு மேல் அவன் பேசவில்லை.

கோடை விடுமுறை கழிந்து ஜூன் மாதத்தில், வேறு எதையோ தேடும்போது அந்த உறை கைக்கு வந்தது. நெகடிவைச் சாளரத்தின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மாணவர்களின் முகங்களுக்கு ஊடே சந்திரசூடேசுவரர் மலைக்கோயிலின் படிகள் தெரிந்தன. படியில் என் மகள் நின்றாள். தைப்பொங்கல் விடுமுறையில் என்னுடைய பழைய காமிராவால் நானே எடுத்த படங்கள் அவை!

நண்பர்களே, இங்கே காமிராவின் இயக்கத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். பழைய காமிராவில் பிலிமைக் கையால் நகர்த்த வேண்டும். முடிந்ததும் கையால் திருகிச் சுருளுக்குள் மீட்க வேண்டும். நான் சோம்பலால் முழுவதும் திருகாமல், பிலிமின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்திவிட்டேன். நுனி வெளியே இருப்பது புதுச் சுருளின் அடையாளம். அந்தச் சுருளைத்தான் புதியது என்று மாணவனிடம் கொடுத்திருக்கிறேன்.

தானியங்கிக் காமிராவோ வேறு வகையானது. ஒரு படம் எடுத்தவுடன் உள்ளே இருக்கும் மோட்டார் பிலிமை அடுத்த கட்டத்துக்கு நகர்த்திவிடுகிறது. இரண்டாம் முறை பொத்தானை அழுத்தினால் அடுத்த கட்டத்தில்தான் படம் விழும். ஒரே கட்டத்தில் இருமுறை பதிக்க அந்த மாணவன் விரும்பியிருந்தாலும் அந்தக் கருவி இடம் கொடுத்திராது. நெகடிவிலும் சான்று இருந்தது. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படம் 36 மில்லிமீட்டர் நீளம். கட்டத்துக்குக் கட்டம் 38 மில்லிமீட்டர். ஆகவே இடையே இரண்டு மில்லிமீட்டர் வெற்றிடம் இருக்கும். கோயில் படங்களின் அந்த இடைவெளி, குழுப்படத்தின் குறுக்கே ஒரு கோடாக ஓடியது. ஒரே கட்டத்தில் இருமுறை அழுத்தியிருந்தால் இரண்டின் எல்லைகளும் ஒன்றாயிருக்கும். சுருள் முழுவதும் இருமுறை ஓடியது என்பதற்கு இதைவிடச் சான்று என்ன வேண்டும்? அறிவியல் கற்பித்த எனக்கு இவ்வளவையும் அன்றே எண்ணிப் பார்க்க முடியாமல் இல்லை. எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவே.

மறுநாள், பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட அந்த மாணவனிடம், எந்த வகுப்பறையில் கடிந்தேனோ அந்த அறையிலேயே, எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிறிது நேரம் தயங்கி நின்றான். பிறகு, "தவறி நடந்ததை, சார், வேண்டுமென்றே செய்ய முடியுமா?" என்று கேட்டான். ஆசிரியப் பயிற்சியில் நான் கற்றவற்றை எல்லாம் விட அந்தக் கேள்வி எனக்குப் பெரிய பாடமாயிற்று.

அதற்கு விடை காண எங்கள் அறிவியல் மன்றம் இறங்கியது. பிலிமில் உள்ள வெள்ளி உப்புத் துகள்கள், பட்ட ஒளியை விடாமல் பற்றிக்கொள்கின்றன. அடுத்து வரும் ஒளி அதன் மேல் கூடுகிறது. முதற்காட்சியில் இருண்டிருந்த இடம் இரண்டாம் காட்சிக்கு இடம் கொடுக்கும். வெளுத்திருந்த இடம் கொடுக்காது. அந்தக் குழுப்படத்திலும் வானத்தின் மேல் விழுந்த முகங்கள் மறைந்துபோயின. கோயில் நிழலில் விழுந்த முகங்கள் பிழைத்திருந்தன. நான்கு படங்களையும் ஒப்பிட்டு, ஸ்டூடியோக்காரரின் துணையோடு நாற்பது பேரில் முப்பத்தொருவரின் முகங்களை மீட்டோம். ஒன்பது பேரை மீட்க இயலவில்லை. மீண்டும் எடுக்கலாம் என்றால், அதற்குள் சிலர் ஆலைகளுக்கும், சிலர் கல்குவாரிகளுக்கும், சிலர் பெங்களூருக்குமாகப் பிரிந்துவிட்டிருந்தார்கள்.

இருளுக்கு இடம் உண்டு என்னும் இந்த உண்மையைத் திரைப்படக் கலைஞர்கள் நெடுங்காலமாகவே பயன்படுத்தி வந்துள்ளார்கள். 1940-இல், நம் ஓசூர் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த காலத்தில், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'உத்தம புத்திரன்' படத்தை வெளியிட்டது, பி. யு. சின்னப்பா அதில் இரு வேடங்களில் நடித்தார். ஒரே நடிகர் இருவராய் எதிரெதிரே நிற்கும் காட்சிக்கு அந்நாளில் வழங்கிய முறை இது: லென்சின் ஒரு பாதியை மறைத்துப் படமெடுப்பார்கள், பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியை மறைத்து மீண்டும் எடுப்பார்கள்.

பின்னோக்கிச் சுற்ற விடாத தானியங்கிக் காமிராவில் இதை எவ்வாறு செய்வது? சுருள் முழுவதையும் இருமுறை ஓட்டுவதே வழி. முதன்முறை பொருத்தும்போது, பிலிமின் எந்தத் துளை காமிராவின் எந்த விளிம்புக்கு நேரே நிற்கிறது என்று பேனாவால் குறித்துக்கொள்ள வேண்டும். படங்கள் எல்லாம் முடிந்ததும் மோட்டார் பிலிமை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒளி படாமல், அதற்குரிய மெல்லிய தகட்டைச் செலுத்தி நுனியை வெளியே எடுக்கலாம். ஸ்டூடியோவிலும் எடுத்துத் தருவார்கள். பின்பு அதே குறியில் பொருத்தி, முதலில் எடுத்த வரிசையைக் குறிப்பேட்டில் பார்த்து எடுக்க வேண்டும். கழுவும்போது படங்களை இடையில் வெட்டிவிடாதபடி சொல்லி வைப்பதும் அவசியம்.

ஒளியின் அளவு மற்றொரு செய்தி. இரு காட்சிகளும் ஒன்றன் மேல் ஒன்று முழுவதும் விழுவதாயின், ஒவ்வொன்றுக்கும் பாதி ஒளியே போதும். 100 வேகமுள்ள பிலிமை 200 என்று காமிராவில் அமைக்க வேண்டும். 1983-இல் கோடக் நிறுவனம் கொண்டுவந்த முறைப்படி, சுருளின் மேலுள்ள கட்டங்களைப் பல தானியங்கிக் காமிராக்கள் தாமே படித்து வேகத்தை அறிந்துகொள்ளும்; நாம் மாற்ற இயலாது. எனவே நாங்கள் கறுப்புத் துணியை நாடினோம். மாணவன் ஐந்தடித் தொலைவிலும் துணி பத்தடித் தொலைவிலும் இருந்தால், பிளாஷ் ஒளியில் மாணவன் மேல் படுவதில் கால் பங்கே துணியில் படும். துணி இருண்டே இருக்க, ஒளியைக் குறைக்காமலே இரு உருவங்களும் தெளிவாக விழும்.

எங்கள் முதற்படத்தில் அந்த மாணவனே இரு வேடமும் பூண்டான். ஒருபுறம் நாற்காலியில் அமர்ந்து விரலை நீட்டி அதட்டும் ஆசிரியன். மறுபுறம் கைகட்டி நிற்கும் மாணவன். அதன் பொருள் எனக்கு விளங்காமல் இல்லை. அந்தப் படம் இன்றும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

நண்பர்களே, உங்களுள் பலர் நாளை ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ தொழிற்சாலை வாயிலில் நுழைவீர்கள். அங்கே உலோகத் தகட்டை அழுத்தும் எந்திரத்துக்கு இரண்டு பொத்தான்கள் இருப்பதைக் காணலாம். இரு கைகளாலும் ஒருசேர அழுத்தினாலன்றி அது இயங்காது. தொழிலாளியின் கை உள்ளே சிக்காதிருக்கச் செய்த ஏற்பாடு அது. காமிராவில் பிலிமைக் காக்கும் அமைப்பும் இத்தகையதே. எந்தத் தவற்றைச் செய்யக் கருவி இடம் தரும், எதற்குத் தராது என்பதை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதேனும் பழுது நேரும்போது, கருவியின் அருகே கடைசியாக நின்றவன் மேல் பழி போடுவது எளிது. அவ்வாறு பழி எழும்போது, உறையைப் பிரித்து நெகடிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர் ஒருவரேனும் அங்கே வேண்டும். அவர் நீங்களாக இருங்கள்.