செய்தி வெள்ளமும் பகுத்தறிவும்

(வாசகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த வாசகசாலையின் ஆண்டு விழாவில் அறிவு வளர்ச்சி என்பது பற்றி என்னைப் பேசும்படி கட்டளையிட்டிருக்கிறார்கள். நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதுபோன்ற வாசகசாலைகளில் கிடைத்த புத்தகங்களைக் கொண்டும், நம் இயக்கக் கூட்டங்களில் காதால் கேட்டதைக் கொண்டும் நாலு சங்கதி தெரிந்துகொண்டவன். ஆகவே நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! வேதம் ஓதுவதைக் கேட்ட சூத்திரனுடைய காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்ற வேண்டும் என்று கௌதம தர்மசூத்திரம் எழுதி வைத்தது. அன்று கேட்டால் ஊற்றினார்கள். இன்று கேளாமலே ஊற்றுகிறார்கள்! காலையில் கண் விழிப்பதற்கு முன்னால் கையில் போன். அதில் இருநூறு செய்தி. ராசிபலன், நாட்டு வைத்தியம், கட்சிச் சண்டை, கல்யாணப் பத்திரிகை, எவனோ எவனையோ அடித்த படம். எழுந்தவுடன் சாமி படத்தின் முன் விழிக்கிறவர்களை நாம் எவ்வளவு கேலி செய்திருக்கிறோம்! இப்பொழுது ஆஸ்திகனும் நாஸ்திகனும் ஒரே பெட்டியின் முகத்தில்தான் விழிக்கிறோம். ஆயுத பூஜையன்று அந்தப் போனுக்கும் சந்தனப் பொட்டு வைக்கிறார்கள். அது வேறு விஷயம்.

நான் போன் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லுகிறவன் ரயில் வண்டி வேண்டாம், மாட்டு வண்டி போதும் என்று சொல்லுகிறவனுக்குச் சமானம். 2003இல் துவங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், 1998இல் துவங்கிய மதுரைத் திட்டமும், ஜாதி கேட்காமல், வாசலில் நிறுத்தி வைக்காமல், எவனுக்கும் புத்தகத்தை எடுத்துக் கொடுக்கின்றனவே, இது சாமான்யமான காரியமா? நம் பாட்டன் காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் பைத்தியக்காரன் என்றிருப்பார்கள்.

ஆனால் புத்தகம் கிடைப்பது வேறு, படிப்பு வருவது வேறு. எங்கள் ஊரில் இரண்டு பையன்கள் குரூப் 4 பரீட்சைக்குப் படித்தார்கள். ஒருவன் டெலிகிராமில் பதினான்கு குழுக்களில் சேர்ந்தான். ஆயிரக்கணக்கான பக்கங்களை இறக்கி வைத்தான். "அண்ணே, என்னிடம் இல்லாத நோட்ஸே இல்லை" என்பான். மற்றவன் ஏழைப் பையன். ஆறாவது முதல் பத்தாவது வரையிலுள்ள சர்க்கார் பாடப் புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தான். எவனுக்கு வேலை கிடைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதலாமவன் சோம்பேறியல்ல, இரவு இரண்டு மணி வரை விழித்திருந்தவன்தான். ஆனால் அத்தனை நேரமும் சேர்த்து வைப்பதிலேயே போய்விட்டது. இறக்கி வைத்ததெல்லாம் படித்தது போலவே அவனுக்குத் தோன்றியிருக்கிறது. இராமாயணத்தைப் பட்டுத் துணியில் கட்டி பூஜை அறையில் வைத்திருக்கிறவன், தனக்குப் புண்ணியம் வந்துவிட்டதாக நினைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இந்தத் தொந்தரவு இன்று வந்ததல்ல. ஐரோப்பாவில் அச்சு யந்திரம் வந்து நூறு வருஷம் ஆவதற்குள், புத்தகம் பெருத்துப்போய், எதைப் படிப்பது என்று தெரியாமல் திண்டாடினார்கள். சுவிட்சர்லாந்தில் கான்ராட் கெஸ்னர் என்பவர் லத்தீன், கிரேக்கம், எபிரேயம் மூன்று மொழிகளிலும் உள்ள நூல்களுக்கு ஒரு பெரிய அட்டவணை செய்து 1545இல் வெளியிட்டார். எது எங்கே இருக்கிறது என்று ஒழுங்கு செய்தால்தான் மனிதன் பிழைப்பான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு பேதம் இருக்கிறது. அன்று புத்தகம் மனிதனைத் துரத்தவில்லை. இன்று துரத்துகிறது. ஏன்? யூடியூபை 2006இல் கூகுள் கம்பெனி 165 கோடி டாலருக்கு வாங்கிற்று. பார்க்கிற உங்களிடம் காலணா கேட்காமலே படம் காட்டும் ஒன்றுக்கு இவ்வளவு பணம் எதற்கு? நீங்கள் பார்க்கிற நேரத்தை விளம்பரக்காரனிடம் விற்கத்தான். கோயிலில் தரிசனம் இலவசம் என்பார்கள். உண்டியல் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் சங்கதி தெரிந்துவிடும். இங்கே உண்டியல் உங்கள் பொழுது. எவ்வளவு நேரம் நிற்கிறீர்களோ அவ்வளவு லாபம். விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கிறதே, அந்த ஏற்பாட்டை 2006இல் வகுத்த அசா ராஸ்கின் என்பவர், பின்னாளில் அதற்காகத் தாமே பகிரங்கமாக வருத்தப்பட்டார். செய்தவருக்கே பயம் வந்துவிட்டது; நாம்தான் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

பொழுது போனால் போகிறது என்று விடலாம். உயிர் போயிருக்கிறதே! 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம், கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு மூதாட்டி குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று போனில் பரவியிருந்த வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றுவிட்டது. அதை அனுப்பியவர்களில் எத்தனை பேர் கொலைகாரர்கள்? ஒருவருமில்லை. எல்லாரும் நல்லவர்கள். "எதற்கும் நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று அனுப்பியவர்கள். இப்படி நாட்டில் பல இடங்களில் நடந்த பிறகுதான், அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனி, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடத்திற்கு மேல் அனுப்பக்கூடாதென்று கட்டுப்பாடு வைத்தது. 2020இல், அதிகம் சுற்றிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரு இடத்திற்கு மட்டும் என்று குறைத்தது. கம்பெனி போட்ட வேலியை நம் புத்தி போட்டிருக்கக்கூடாதா?

திருநள்ளாறுக்கு நேர் மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று வினாடி ஸ்தம்பித்துப் போகின்றன, நாசாவே திகைக்கிறது என்று ஒரு புரட்டு வெகுகாலமாகச் சுற்றுகிறது. தாழப் பறக்கும் செயற்கைக்கோள் வினாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. மூன்று வினாடியில் இருபது கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அந்த ஓட்டம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழ வேண்டும், விழவில்லையென்றால் நிற்கவில்லை. இதை நினைத்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தைத்தான் அடுத்த செய்தி வந்து பிடுங்கிக்கொள்கிறது.

பக்தர்களைச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டால் அது யோக்கியமாகாது. போன வருஷம் பெரியார் சொன்னதாக ஒரு வாசகம், படத்தோடு எனக்கு வந்தது. வெகு நன்றாயிருந்தது. எதிரிகளுக்குச் சரியான சவுக்கடி என்று, நான் இருந்த 43 குழுக்களில் பலவற்றுக்கு அனுப்பினேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், தினம் விபூதி பூசுகிறவர், என்னை நிறுத்தி, "தம்பி, இது எந்தப் பத்திரிகையில், எந்தத் தேதியில் வந்தது?" என்று கேட்டார். "பார்த்துச் சொல்கிறேன் ஐயா" என்றேன். மூன்று வாரம் என்னிடமிருந்த தொகுதிகளையெல்லாம் புரட்டினேன். தெரிந்த தோழர்களைக் கேட்டேன். எங்கும் இல்லை. ஆதாரம் கேள் என்று முப்பது வருஷமாக மேடையில் கேட்டுப் பழகியவன், ஆதாரம் இல்லாமல் நின்றேன். அவர் வீட்டுக்கே போய், "ஐயா, நான் தவறாக அனுப்பிவிட்டேன்" என்று சொல்லி, அனுப்பிய குழுக்களிலெல்லாம் அப்படியே எழுதினேன். சில தோழர்களுக்கு என்மேல் கோபம். "கருத்து நம் கருத்துத்தானே, யார் சொன்னால் என்ன?" என்றார்கள். புராணக்காரனும் இதைத்தானே சொல்லுகிறான், தோழர்களே!

அன்று முதல் 43 குழுக்களை ஐந்தாகக் குறைத்துவிட்டேன். தொடர்பு அறுந்து போகுமென்று பயந்தேன். ஒன்றும் அறுந்து போகவில்லை. பிறந்தநாளுக்குப் பூங்கொத்துப் படம் அனுப்பிக்கொண்டிருந்த பழைய தோழரோடு இப்பொழுது வாரம் ஒரு முறை வாயால் பேசுகிறேன். அவருடைய மனைவிக்கு ஆறு மாதமாக உடம்பு சரியில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பூங்கொத்து மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது! படிப்பிலும் ஒரு சமயத்தில் ஒரே விஷயம் என்று வைத்துக்கொண்டேன். இப்போது ஆறு மாதமாக மனித உடம்பைப் பற்றி மட்டும். நல்ல வீடியோ கண்டால் பார்க்கிறேன். பார்த்தபின் போனை மூடி, தெரிந்துகொண்டதை ஒரு நோட்டில் ஐந்து வரி எழுதுகிறேன். எழுத வரவில்லையென்றால் நான் பார்த்தது வேடிக்கை, படிப்பல்ல.

1925 மே 2ஆம் தேதி ஈரோட்டில் துவங்கிய "குடி அரசு" வாரம் ஒரு தடவைதான் வந்தது. டீக்கடையில் ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். மீதி ஆறு நாளும் சண்டை போடுவார்கள். அந்த ஆறு நாள் சண்டையில்தான் நம் பாட்டன்மார்களுக்குப் புத்தி வளர்ந்தது.

அதனால் இந்த வாசகசாலைத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு ஒரு புத்தகத்தில் ஒரு அத்தியாயம் மட்டும் படிப்பதென்று செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். தாய்மார்களும் அவசியம் வரவேண்டும். வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும்; போன்களை அதில் போட்டுவிட்டு உள்ளே வாருங்கள். சாவி என்னிடம் இருக்காது, தலைவரிடமே இருக்கும். இப்போது கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம்.