இரத்தத்தை நிறுக்கும் தராசு

(அண்ணாகிராமம் வட்டாரத்தில் நடைபெற்ற கிராம நலக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் உழவர், எடைமேடையின் முள்ளையும் எண்ணையும் கண் இமைக்காமல் பார்க்கிறார். சந்தையிலும் எடைக்கல்லின் முத்திரையைப் பார்த்த பின்னரே பொருள் வாங்குகிறோம். ஆனால், நம் இரத்தத்தை நிறுக்கும் கருவி சரியானதா என்று நாம் கேட்பதே இல்லை.

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் சர்க்கரைப் பரிசோதனை வீட்டு வாசலுக்கே வந்துள்ளது. இது பெரும்பேறு. அளவு பிழைபடாதிருந்தால்தான் இப்பேறு முழுப்பயன் தரும்.

சென்ற பலாப் பருவத்தில் நிகழ்ந்ததொன்றைக் கூறுகிறேன். சுளை எடுத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், கையைத் துணியில் துடைத்துவிட்டு விரலை நீட்டினார். கருவி 290 என்று காட்டியது. வீடே கலங்கியது. சோப்பிட்டுக் கைகழுவி, நன்கு உலர்த்திச் சோதித்தபோது 118! விரலில் ஒட்டியிருந்த பழச்சர்க்கரையே முதல் எண்ணுக்குக் காரணம். அவ்வெண்ணை நம்பி மருந்து கொடுத்திருந்தால், சர்க்கரை மிகத் தாழ்ந்து உயிருக்கே இடர் நேர்ந்திருக்கக் கூடும்.

கை சுத்தமாயிருந்தாலும் கருவிக்கு ஓர் எல்லை உண்டு. 2013-ஆம் ஆண்டின் உலகத் தர அளவுகோல், 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 விழுக்காடு வரை வேறுபாட்டை அனுமதிக்கிறது. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் என்பது நோயின் எல்லைக்கோடு. உண்மையில் 126 உள்ளவருக்குக் கையடக்கக் கருவி 107 என்றும் காட்டலாம். 145 என்றும் காட்டலாம். இரத்தசோகை உடையவருக்குச் சில கருவிகள் கூடுதலாகக் காட்டும். ஆகவே, அக்கருவி ஐயத்தை எழுப்புவதற்கே உரியது. நோய் உண்டென்று முடிவு செய்ய, நரம்பில் எடுத்த இரத்தத்தை ஆய்வுக்கூடத்தில் சோதித்தல் வேண்டும்.

ஆய்வுக்கூடம் மட்டும் தவறாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில ஆய்வுக்கூடங்களுக்கு ஒரே மாதிரியை அனுப்பிப் பார்த்தபோது விடைகள் பெரிதும் வேறுபட்டன; 1947-இல் அம்முடிவு வெளியாயிற்று. அதன்பின் ஒழுங்குமுறைகள் வளர்ந்தன. புதிய கருவி வந்தால் முதலில் ஒரே மாதிரியைப் பலமுறை சோதித்து விடை மாறாதிருக்கிறதா என்று பார்ப்பர். அளவு தெரிந்த கரைசலைக் கொண்டு விடை மெய்யா என்று பார்ப்பர். பின்னர், குறைந்தது 40 பேருடைய மாதிரிகளைப் பழைய முறையோடு ஒப்பிடுவர். எப்பொழுதும் ஒரே விடை காட்டுவது மட்டும் போதாது. கல் குறைந்த தராசும் எப்பொழுதும் ஒரே எடையைத்தான் காட்டும்!

நம் நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1981 முதல் இப்பணியைச் செய்து வருகிறது. ஒரே வகை மாதிரியைப் பல ஆய்வுக்கூடங்களுக்கும் அனுப்பி, யார் விடை எவ்வளவு விலகியது என்று அவரவர்க்கு அறிவிக்கிறது.

அன்பர்களே! நாம் செய்ய வேண்டுவன ஐந்து. கைகழுவி உலர்த்திய பின்னரே விரலைக் குத்தச் செய்யுங்கள். சோதனைப் பட்டைகளின் காலாவதி நாளைப் பாருங்கள். புட்டியை வெயிலிலும் ஈரத்திலும் திறந்து வைக்க விடாதீர்கள். எடுத்த இரத்தம் விரைவில் ஆய்வுக்கூடம் சேர உதவுங்கள். குழாயில் காத்திருக்கும் இரத்தத்தில் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு சர்க்கரை குறைந்துவிடும். கருவியைக் கடைசியாகச் சரிபார்த்த நாளைப் பணிவுடன் கேளுங்கள்.

கேட்பது குற்றமன்று, கடமை. கரும்புக்குக் காட்டும் விழிப்பை நம் குருதிக்கும் காட்டுவோமாக!