வானோடியின் பிணைப் பத்திரம்

(வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



விமானமோட்டி என்றதும் வெள்ளைச் சட்டையும் தோளிற் பொன்வரிகளும் நம் கண்முன் தோன்றுகின்றன. அந்தச் சட்டைப்பையிலே மடித்து வைத்திருக்கும் ஒப்பந்தப் பத்திரத்தைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். அயல்நாடாகிய இந்தியாவின் நிலைமையை உதாரணமாகக் கொள்வோம்.

அங்கே 200 மணி நேரம் பறந்து, பரீட்சைகளிற் சித்தியெய்தி, வர்த்தக அனுமதிப்பத்திரம் பெற்றவனும் உடனே பயணிகள் விமானத்தை ஓட்டிவிட முடியாது. அவன் பழகியது பெரும்பாலும் சின்னஞ்சிறு விமானம். எயர்பஸ் 320 ஆனாலென்ன, போயிங் 737 ஆனாலென்ன, ஒவ்வொரு வகைக்கும் தனித் தகுதி வேண்டும். வகுப்பறையில் அதன் இயக்கமெல்லாம் படிக்க வேண்டும். விமானத்தைப் போலவே ஆடியசையும் சிமுலேற்றரில் அமர்ந்து, என்ஜின் தீப்பற்றினால், ஒன்று நின்றுபோனால் என்ன செய்வதென்று செய்து காட்ட வேண்டும். பின்பு மெய் விமானத்தைப் பயணிகளின்றி ஏற்றி இறக்க வேண்டும். இதற்கெல்லாம் பல இலட்சம் ரூபா செலவு. பறப்புப் பள்ளிக்கே காணியை ஈடுவைத்த தகப்பனார் மறுபடி எங்கே போவார்?

சில கம்பனிகள் செலவை அவன் தலையிலேயே போடும். சில, தாம் செலவழித்துச் சம்பளத்திற் கழிக்கும். வேறு சில, “இத்தனை ஆண்டு எம்மிடம் இரு, இடையிற் போனால் இத்தனை கட்டு” என்று பத்திரம் எழுதி வாங்கும். பெற்றோர் பிணை நிற்பதும் உண்டு.

கம்பனியின் பக்கம் நியாயமே இல்லையென்று சொல்லமாட்டேன். 2017ல் இந்திய விமானத்துறை அதிகாரசபை, கப்டன் ஓராண்டும் துணை விமானமோட்டி ஆறு மாதமும் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டுமென்று விதித்தது. இருந்தும் 2023ல் ஆகாசா எயர் கம்பனியை விட்டு 43 பேர் அக்காலத்தை முடிக்காமலே விலகினர். பல பறப்புகள் இரத்தாயின. விவகாரம் நீதிமன்றம் சென்றது.

ஆயினும் பத்திரத்தில் எழுதிய தொகையெல்லாம் அப்படியே வசூலாகுமென்று எண்ணிப் பயப்பட வேண்டாம். 1872ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ம் பிரிவு, அத்தொகைக்கு மேற்படாத நியாயமான நட்டஈட்டையே அனுமதிக்கிறது. அதற்காகப் பத்திரம் வெறுங் கடதாசி என்றும் இருந்துவிடலாகாது. 2025ல் விஜயா வங்கி வழக்கிலே, மூன்று ஆண்டு வேலை, அன்றேல் இரண்டு இலட்சம் ரூபா என்ற நிபந்தனை செல்லுமென உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

கையொப்பமிடுமுன் நான் இரண்டைப் பார்ப்பேன். வேலை செய்யும் மாதந்தோறும் தொகை குறைந்து வருகிறதா? கடைசி நாள்வரை முழுத்தொகையும் நிற்குமானால் அது செலவை மீட்பதன்று, ஆளைக் கட்டிவைப்பது. கம்பனியே வேலையால் நிறுத்தினால் யார் கட்டுவது? இதைப் பலர் வாசிப்பதேயில்லை.

கம்பனி மூடப்பட்டால்? ஜெட் எயர்வேஸ் 2019 ஏப்ரலிற் பறப்பை நிறுத்தியது. அதன் விமானங்களிற் பெரும்பாலானவை போயிங் 737. அவ்வகையையே ஓட்டிய ஸ்பைஸ்ஜெட் அவர்களிற் பலரை எடுத்துக்கொண்டது. ஆனால் நாட்டின் மிகப் பெரிய கம்பனியாகிய இன்டிகோவிடம் இருந்தவை பெரும்பாலும் எயர்பஸ் 320 வகை. அங்கே போக விரும்பிய போயிங்காரனுக்கு மறுபடியும் வகுப்பறை, மறுபடியும் சிமுலேற்றர், அந்தச் செலவு யாருடையது என்று மறுபடியும் ஒரு பேச்சு.