மனை கொள்வார் கேட்க வேண்டிய இரண்டாம் வினா

(சீயமங்கலத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குலத்து இளைஞர் பலர் இந்நாளில் வீடு கட்டுதற்கு வெற்று மனை தேடுகின்றனர். தந்தை உழைத்துச் சேர்த்த பொருளும், மனைவி கழுத்திலிருந்த பொன்னும் அம்மனைக்கே செலவாகின்றன. ஆதலின் அதுபற்றிச் சில கூறுதல் நம் கடமையாம்.

மனை வாங்குவோர் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. "இந்நிலம் யாருடையது?" என்பது முதலாவது. "இதில் வீடு கட்டலாமோ?" என்பது இரண்டாவது. நம்மவர் முதல் வினாவைச் செவ்வனே கேட்கின்றனர். மூலப்பத்திரம் படிக்கின்றனர், வில்லங்கச் சான்று பெறுகின்றனர், பட்டாவை ஒத்துப் பார்க்கின்றனர். இவை யாவும் குற்றமற்றிருப்பினும், கட்டும் உரிமை இவற்றால் மட்டும் வந்துவிடாது. இரண்டாம் வினாவை விடுத்தவர் நிலத்துக்கு உடையராவர், வீட்டுக்கு உடையராகார்.

நமக்கு அணித்தாகிய செஞ்சியையே காண்போம். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை வளைத்த அக்கோட்டை 2025-இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. அது மத்திய அரசின் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம், 2010-இல் திருத்தப்பட்டபடி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடத்தைத் தடுக்கிறது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை முன்னனுமதி பெற்றே கட்டலாம். மீறுவோர்க்கு ஈராண்டு வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ நேரும். இவ்வளவையைக் குன்றின் உச்சியிலிருந்து கணக்கிடுவோர் ஏமாறுவர். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்தே கணக்கிடல் வேண்டும். "கோட்டை தொலைவில் தெரிகிறதே" என்னும் தரகர் சொல் ஆதாரமாகாது. மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக்கோயிலை உடைய இவ்வூரிலும், அதனருகில் மனை கொள்வோர் முதலில் இதனையே விசாரித்தல் நலம்.

இனி, மனைப்பிரிவு. விளைநிலத்தைக் கூறுபோட்டு, கல் நட்டு, வண்ணக்கொடி கட்டிவிட்டால் அது மனைப்பிரிவாகாது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்கி, நம் மனையின் எண் அதில் உண்டோ, அவ்விடம் பூங்காவுக்கோ சாலைக்கோ ஒதுக்கப்பட்டதோ என்று நோக்குக. பத்திரம் பதிவாயிற்று என்பதனாலேயே கட்டட அனுமதியும் கிடைத்தது என்று கொள்ளற்க. முன்னது பதிவு அலுவலகத்தின் வேலை. பின்னது ஊராட்சி, பேரூராட்சி முதலியவற்றின் வேலை.

மூன்றாவது, பழைய பத்திரத்தின் நிபந்தனை. இலண்டனில் லெஸ்டர் சதுக்கத்துத் தோட்டத்தை 1808-இல் விற்றவர், அதனைத் திறந்த வெளியாகவே வைத்திருத்தல் வேண்டும் என்று எழுதி வாங்கினார். பல கை மாறியபின் அதனை வாங்கிய மாக்சே என்பவரது பத்திரத்தில் அவ்வாசகம் இல்லை. ஆயினும் அவர் அந்நிபந்தனையை அறிந்தே வாங்கினாராதலின், அவர் அதற்கு மாறாக நடத்தலாகாது என்று 1848-இல் நீதிமன்றம் தடுத்தது. நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டின் சொத்துமாற்றுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவும் இத்தகைய தடையை, அறிந்து வாங்கியவர்மேல் செலுத்த இடந்தருகிறது. "எமக்குத் தெரியாது" என்பதும் எளிதில் செல்லாது. பதிவான பத்திரத்தைப் பார்த்தறிதல் வாங்குவோன் பொறுப்பு. ஆகவே கடைசிப் பத்திரத்தோடு நில்லாது, முன்னைய பத்திரங்களையும் வரிவரியாகப் படித்தல் வேண்டும். வண்டிப்பாதை, வாய்க்கால், பொதுச்சுவர், பொதுக்கிணறு என்னும் சொற்கள் வருமிடத்தில் நின்று படிக்க.

இவ்வளவும் முன்பணம் கொடுக்குமுன் செய்யத்தக்கவை. கொடுத்தபின் ஆராய்தல், விதைத்தபின் மண்ணைச் சோதித்தல் போலும். நம் சங்கத்தில் வழக்கறிஞரும், பத்திரம் எழுதுவாரும், நில அளவையில் பணியாற்றி ஓய்ந்தாரும் உளர். மாதத்தில் ஒருநாள் அவர்கள் அமர்ந்து, நம் ஏழைக் குடும்பத்தார் கொணரும் பத்திரங்களைப் படித்துச் சொல்லுவராயின், அது அன்னதானத்தினும் குறைந்த அறமன்று. அதற்கு இக்கூட்டத்திலேயே ஒரு நாளைக் குறிக்குமாறு தலைவரவர்களை வேண்டி, எம் உரையை முடிக்கின்றோம்.